பாதி விளையாட்டுக்கு முழு விலையா?

2023 பிப்ரவரி 24 அன்று 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2' ஸ்டீம் இணையக் கடைக்கு வந்தது. விலை 49.99 டாலர். ராக்கெட் கட்டி விண்ணுக்கு அனுப்பும் இந்த விளையாட்டின் முதல் பாகத்தை நேசித்தவர்கள் இரண்டாம் பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வந்ததோ முடியாத வேலை. 'ஏர்லி ஆக்ஸஸ்' என்ற முத்திரை அதன்மேல் இருந்தது. முதல் பாகத்தில் இருந்த அறிவியல் ஆய்வு முறைகூட இதில் இல்லை. வேற்றுக் கோள்களில் குடியிருப்பு, வேறு விண்மீன் மண்டலங்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து ஆடும் வசதி எல்லாம் பின்னால் வரும் என்றார்கள். வேலை முடிந்ததும் விலை ஏறும் என்றும் சொன்னார்கள். அந்த டிசம்பரில் அறிவியல் பகுதி வந்து சேர்ந்தது. மற்றவை வரவே இல்லை. 2024-இல் சியாட்டில் நகரில் அதை உருவாக்கிவந்த இன்டர்செப்ட் கேம்ஸ் மூடப்பட்டது. விளையாட்டை வெளியிட்ட பிரிவையும் தாய் நிறுவனமான டேக்-டூ விற்றுவிட்டது. அதற்குப் பிறகும் விளையாட்டு கடையில் விற்பனைக்கு இருந்தது.

அதே கடையில், அதே முத்திரையோடு, 2020 அக்டோபர் 6 அன்று வந்தது 'பால்டர்ஸ் கேட் 3'. விலை 59.99 டாலர், அதாவது பெரிய நிறுவனங்களின் முழு விளையாட்டுக்கு வாங்கும் விலை. கதையின் முதல் அங்கம் மட்டுமே கையில் கிடைத்தது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தைச் சேர்ந்த லாரியன் ஸ்டுடியோஸ் மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் மிச்சத்தைச் செய்து முடித்தது. 2023 ஆகஸ்ட் 3 அன்று முழு விளையாட்டும் அதே 59.99 டாலருக்கு வந்தது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனது. முன்கூட்டி வாங்கியவர்களுக்கு டீலக்ஸ் பதிப்பின் கூடுதல் பொருள்களும் இலவசமாகக் கிடைத்தன.

இரண்டுமே பாதியில் இருந்த விளையாட்டுகள். இரண்டுமே முழு விலைக்கு விற்றன. ஒன்றை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள், மற்றொன்றை வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். முடிவு தெரிந்தபின் யாரும் தீர்ப்பு சொல்லிவிடலாம். வாங்கும் நாளில் எது நியாயமான விலை என்பதுதான் கடினமான கேள்வி. உருவாக்குநர்களும் விளையாடுபவர்களும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதைப்பற்றிச் சண்டை போட்டுவருகிறார்கள். அந்தச் சண்டையின் வரலாற்றில்தான் விடைக்கான பொருளும் கிடக்கிறது என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். கூடுதல் பணம் கட்டியவர்களை வெளியீட்டு நாளுக்குச் சில நாள் முன்பே ஆட விடும் வழக்கம் ஒன்று உண்டு. 2023-இல் 'ஸ்டார்ஃபீல்ட்' விளையாட்டின் விலை உயர்ந்த பதிப்பை வாங்கியவர்கள் ஐந்து நாள் முன்பே உள்ளே போனார்கள். அங்கே விற்பது முடிந்த பொருள், காசு அவசரத்துக்கு. 2024 ஏப்ரலில் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனமே இதற்கு 'அட்வான்ஸ்டு ஆக்ஸஸ்' என்று தனிப்பெயர் வைத்துப் பிரித்துவிட்டது. நாம் பேசுவது செய்து முடிக்காத பொருளை விற்று, அந்தப் பணத்திலும் வாங்கியவர்களின் கருத்திலும் செய்து முடிக்கும் முறையைப்பற்றி.

'விலையைக் குறைக்க வேண்டுமா' என்ற கேள்விக்குள்ளும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முழுமையடைந்தபின் வைக்கப்போகும் விலையைவிடக் குறைவான அடிப்படை விலையில் தொடங்க வேண்டுமா என்பது ஒன்று. கோடைக்கால விற்பனை, குளிர்கால விற்பனை என்று கடை நடத்தும் தள்ளுபடித் திருவிழாக்களில் 50, 75 சதவீதம் என்று இடையிடையே வெட்டலாமா என்பது மற்றொன்று. பெரும்பாலான விவாதங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகின்றன. என் விடை முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. காரணத்தை வரலாற்றோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்டீம் இந்த முத்திரையைக் கண்டுபிடிப்பதற்கு வெகுமுன்பே துருக்கியின் அங்காராவில் ஒரு கணவனும் மனைவியும் இதைச் செய்துகாட்டினார்கள். அர்மான் யாவுஸும் அவர் மனைவியும் தொடங்கிய டேல்வேர்ல்ட்ஸ் நிறுவனத்தின் 'மவுன்ட் அண்ட் பிளேடு' 2008-இல்தான் முறையாக வெளியானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அரைகுறைப் பதிப்புகளை அவர்கள் தங்கள் தளத்தில் விற்றார்கள். தொடக்கத்தில் வாங்கியவர்களுக்கு மலிவு. விளையாட்டு வளர வளர விலையும் வளர்ந்தது.

அந்த விலைப் படிக்கட்டை உலகம் முழுக்கத் தெரிய வைத்தது 'மைன்கிராஃப்ட்'. ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் 2009 மே மாதம் முதல் பதிப்பை வெளியிட்டார். அடுத்த மாதமே விற்கத் தொடங்கினார். விலை 9.95 யூரோ. இது முழு விலையில் பாதி என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தார். 2010 டிசம்பரில் பீட்டா என்னும் சோதனை நிலையை எட்டியபோது 14.95 யூரோவாகவும், 2011 நவம்பர் 18 அன்று முழுப் பதிப்பு வந்தபோது 19.95 யூரோவாகவும் ஏறியது. முதல் கட்டத்தில் வாங்கியவர்கள் இனி வரும் எதற்கும் காசு தர வேண்டாம் என்ற வாக்கும் இருந்தது. முழுப் பதிப்பு வருவதற்குப் பத்து மாதம் முன்பே, 2011 ஜனவரியில், விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிவிட்டது.

இந்தப் படிக்கட்டின் அழகு அதன் நேர்மையில் இருக்கிறது. இன்று இவ்வளவுதான் இருக்கிறது, அதனால் இவ்வளவுதான் விலை. நாளை கூடும், அப்போது விலையும் கூடும். காத்திருப்பவர் கூடுதலாகத் தருகிறார், ஆனால் கூடுதலாகப் பெறுகிறார். முந்தி வந்தவர் குறைவாகத் தருகிறார், ஆனால் நிச்சயமின்மையைச் சுமக்கிறார். யாரும் யாரையும் பார்த்து ஏமாந்தோமே என்று நினைக்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு முறை 2012 வாக்கில் மக்கள் நிதி திரட்டும் தளங்களிலிருந்து வந்தது. 'எலைட் டேஞ்சரஸ்' விண்கல விளையாட்டுக்காக டேவிட் பிரேபனின் ஃபிரன்டியர் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டியபோது, ஆல்ஃபா என்னும் தொடக்க நிலையில் உள்ளே நுழைய 200 பவுண்டு கேட்டது. அடுத்த கட்டமான பிரீமியம் பீட்டாவுக்கு 100 பவுண்டு, சாதாரண பீட்டாவுக்கு 50 பவுண்டு. எவ்வளவு குறையாக இருக்கிறதோ அவ்வளவு விலை. கேட்பதற்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் அதில் ஒரு தர்க்கம் இருந்தது. அவர்கள் விற்றது விளையாட்டை அல்ல, பட்டறைக்குள் நுழையும் உரிமையை. சில நூறு, சில ஆயிரம் பேர் போதும்; அவர்கள் பொறுமையும் ஆர்வமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும். உயர்ந்த விலை அவர்களை மட்டும் வடிகட்டி எடுத்துக் கொடுத்தது.

ஆனால் அந்த வடிகட்டி பொதுக் கடைக்கு வந்ததும் ஓட்டையானது. 'பிளானெட்டரி அனைஹிலேஷன்' 2013-இல் ஸ்டீமில் ஆல்ஃபாவாக வந்தபோது 90 டாலர் விலை வைத்தார்கள். கிக்ஸ்டார்ட்டரில் இதே அனுமதிக்கு அவ்வளவு கொடுத்தவர்கள் இருக்கும்போது புதியவர்களுக்கு மலிவாகக் கொடுப்பது அநியாயம் என்பது அவர்கள் தரப்பு. பீட்டாவில் 60 டாலர், 2014 செப்டம்பரில் முழுப் பதிப்பு 30 டாலர். நிதி கொடுத்தவர்களுக்கு இது நியாயமே. ஆனால் கடையின் முகப்பில் 90 டாலரைப் பார்த்த சாதாரண வாடிக்கையாளனுக்கு அந்தப் பின்னணி எதுவும் தெரியாது. முடிந்த விளையாட்டுகளே 60 டாலருக்கு விற்கும் கடையில் முடியாத ஒன்றுக்கு 90 டாலர் என்பது மட்டுமே அவன் கண்ணில் பட்டது. கோபம் வந்ததில் வியப்பில்லை.

பிரிட்டனின் இன்ட்ரோவெர்ஷன் நிறுவனம் 'பிரிசன் ஆர்க்கிடெக்ட்' விளையாட்டின் ஆல்ஃபாவை 2012 செப்டம்பரிலிருந்து 30 டாலருக்கு விற்றது. ஒரு சிறு நிறுவனத்தின் முடியாத விளையாட்டுக்கு அது அன்று அதிகம்தான். ஆனால் மாதந்தோறும் புதுப் பதிப்பு, என்ன சேர்ந்தது என்பதை விளக்கும் காணொளி என்று மூன்றாண்டு விடாமல் உழைத்து 2015 அக்டோபரில் முடித்தார்கள். உயர்ந்த விலை கேட்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இன்றுவரை இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2013 மார்ச் 20 அன்று வால்வ் ஏர்லி ஆக்ஸஸ் பிரிவை 12 விளையாட்டுகளோடு தொடங்கியது. பிரிசன் ஆர்க்கிடெக்ட், முதல் கெர்பல், 'ஆர்மா 3' முதலியவை அதில் இருந்தன. அதுவரை ஒரு படைப்பாளியைத் தேடிப்போய், அவர் எழுதுவதைப் படித்து, நம்பி வாங்கிய பழக்கம் இதோடு மாறியது. முடிந்த பொருளும் முடியாத பொருளும் ஒரே அலமாரியில் அருகருகே அமர்ந்தன. அந்த டிசம்பரில் வந்த 'டேஇஸட்' 29.99 டாலர் விலையில் ஒரே மாதத்தில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. இப்போது வாங்காதீர்கள், குறைகள் நிறைய இருக்கின்றன என்று அதன் பக்கத்திலேயே எச்சரித்திருந்தார்கள். யார் கேட்டார்கள்? முழுப் பதிப்பு வந்தது 2018 டிசம்பரில், ஐந்து ஆண்டு கழித்து. எச்சரிக்கை வாசகமும் உயர்ந்த விலையும் கூட்டத்தை வடிகட்டும் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்துவிட்டது. கூட்டமாக விற்கும் கடையில் விலை என்பது சாதாரண வாடிக்கையாளனிடம் பேசும் மொழி. முழு விலை வைத்தால் முழுப் பொருள் என்றே அவன் புரிந்துகொள்வான்.

உருவாக்குநர்களின் வாதத்தையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். அது வெறும் பேராசை அல்ல. ஸ்டீம் பொதுவாக 30 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. வரி, நாணய மாற்று, திருப்பிக் கொடுத்த பணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ஐந்தாறு பேருக்குச் சம்பளம் ஓட வேண்டும். பலருக்கும் ஏர்லி ஆக்ஸஸ் நாள்தான் உண்மையான வெளியீட்டு நாள். ஆவலோடு பட்டியலில் சேர்த்துவைத்தவர்களுக்கெல்லாம் அன்று கடை மின்னஞ்சல் அனுப்புகிறது. அன்றுதான் யூடியூபர்கள் எடுத்து ஆடுகிறார்கள். அன்றைய விற்பனையில்தான் மீதி வேலை நடக்கிறது. அந்த நாளில் பாதி விலைக்கு விற்றுவிட்டால், மிக ஆர்வமாக இருந்த, முழு விலை தரத் தயாராக இருந்த ரசிகர்களிடமிருந்து பாதிப் பணத்தை மட்டும் வாங்கியதாகிறது. முழுமையடையும் நாளில் அவர்கள் திரும்ப வாங்கப் போவதில்லை. அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள்.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பாதிக்கு இறங்காமல் ஒரு சிறு படி வைக்கிறார்கள். பிரான்சின் மோஷன் ட்வின் 2017-இல் 'டெட் செல்ஸ்' விளையாட்டை 16.99 டாலருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு முடிந்தபோது 24.99. சியாட்டிலின் மெகா கிரிட் 'ஸ்லே த ஸ்பயர்' சீட்டு விளையாட்டை 15.99-இல் தொடங்கி 24.99-இல் முடித்தது. சூப்பர்ஜயன்ட் கேம்ஸின் 'ஹேடீஸ்' 2018 டிசம்பரில் 19.99, 2020 செப்டம்பரில் 24.99. லூகா கலன்டே என்ற தனிமனிதர் தொடங்கிய 'வாம்பயர் சர்வைவர்ஸ்' 2.99 டாலரிலிருந்து 4.99-க்குப் போனது. இவை நான்கும் பெருவெற்றி பெற்றவை. குறைந்த தொடக்க விலை தரத்தைப்பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும், மதிப்பைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு இவற்றில் ஆதாரமே இல்லை. படி ஏறப்போகிறது என்று முன்பே சொல்லிவிட்டால், குறைந்த விலை மட்டம் என்று யாரும் நினைப்பதில்லை. முந்தி வந்ததற்கான மரியாதையாகவே அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயர் வளர்ந்ததும் சிலர் படியை எடுத்துவிடுகிறார்கள். அதே சூப்பர்ஜயன்ட் 2024-இல் 'ஹேடீஸ் 2' விளையாட்டை 29.99 டாலருக்குக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் முடித்தபோதும் அதே விலை. டேல்வேர்ல்ட்ஸ் 2020-இல் 'பேனர்லார்ட்' விளையாட்டை முடியாத நிலையிலேயே 49.99 டாலருக்கு விற்றது. ஒரு காலத்தில் மலிவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறிய நிறுவனமே அது. சம்பாதித்த நம்பிக்கைதான் அந்த விலை வித்தியாசத்தை ஈடுகட்டுகிறது என்று சொல்லலாம். ஹேடீஸ் 2 விஷயத்தில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. முதல் நாளிலேயே பல முடிந்த விளையாட்டுகளைவிட அதில் அதிகம் இருந்தது.

படியை ஏணியாக நிமிர்த்தி வைத்தவர்களும் உண்டு. டைனோசர்களுக்கு நடுவே பிழைத்திருக்கும் 'ஆர்க்: சர்வைவல் இவால்வ்டு' 2015 ஜூனில் 29.99 டாலருக்கு வந்தது. 2016 செப்டம்பரில், விளையாட்டே முடியாத நிலையில், 19.99 டாலருக்குத் தனியாக ஒரு கூடுதல் நிலப்பரப்பை விற்றார்கள். மூல வேலையை முடிக்காமல் அடுத்த சரக்கை விற்கிறார்களே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 2017 ஜூலையில், முழு வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, விலை ஒரே நாளில் 59.99 டாலராக இரட்டித்தது. கடைகளில் பெட்டியில் விற்கப்போகும் பதிப்பின் விலையோடு சமமாக்க வேண்டும் என்றார்கள். பொருள் அன்று இரட்டிக்கவில்லை, விலை மட்டும் இரட்டித்தது. '7 டேஸ் டு டை' 2013 டிசம்பரில் தொடங்கி 2024 ஜூலையில்தான் முழுமை என்று அறிவித்தது. அப்போது 24.99 டாலர் 44.99 ஆனது. பத்தாண்டு உழைப்பைப் பார்த்தால் அந்த ஏற்றத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஆர்க் செய்ததைக் குறை சொல்ல முடிகிறது. வித்தியாசம் எண்ணில் இல்லை. வாங்குபவருக்கு எவ்வளவு முன்னதாக, எவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது.

முந்தி வாங்குபவர் பணத்தைத் தவிர வேறு என்ன தருகிறார்? நேரத்தைத் தருகிறார். பிழைகளைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புகிறார். வழக்கமாக நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலை இது. ஸ்லே த ஸ்பயரின் சீட்டுகள் ஒவ்வொன்றும் இன்று இவ்வளவு சமநிலையோடு இருப்பதற்கு, ஏர்லி ஆக்ஸஸ் காலத்தில் ஆடியவர்களின் ஆட்டங்களிலிருந்து திரட்டிய தரவுதான் காரணம். சேமித்துவைத்த ஆட்டத்தை இழக்கவும் அவர் தயாராக இருக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 முழுமையடைந்தபோது பழைய சேமிப்புகள் எதுவும் அதில் வேலை செய்யவில்லை. கதை சொல்லும் விளையாட்டில் இன்னொரு இழப்பும் உண்டு. முதல் முறை பார்க்கும்போது கிடைக்கும் வியப்பை அவர் அரைகுறைப் பதிப்பிலேயே செலவழித்துவிடுகிறார். முடிந்தபின் வந்தவருக்குக் கிடைத்த அந்தப் புதுமை அவருக்குத் திரும்பக் கிடைக்காது. எனக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. விலை விவாதங்களில் யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் முடியாமலே போகும் அபாயத்தை அவர் சுமக்கிறார். வால்வின் இந்தத் திட்டம் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனபின், 2014 நவம்பரில், ஈஈடிஏஆர் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது ஏர்லி ஆக்ஸஸில் வந்தவற்றில் ஏறத்தாழ கால்பங்குதான் முழுமையடைந்திருந்தது. அன்று பல விளையாட்டுகள் வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் மீதி எல்லாம் தோல்வி என்று கொள்ளக் கூடாது. ஆனாலும் முடியும் என்பது நிச்சயமல்ல என்பதை அந்த எண் எல்லோருக்கும் உணர்த்தியது. பெயர்பெற்ற டபுள் ஃபைன் நிறுவனத்தின் 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' 2013 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. விற்பனை வருமானம் செலவுக்குக் கட்டவில்லை. ஓராண்டில், அறிவித்த வசதிகளில் பலவற்றைக் கைவிட்டு, இதுதான் முழுப் பதிப்பு என்று முடித்துக்கொண்டார்கள். நிறுவனர் டிம் ஷேஃபர் வெளிப்படையாக விளக்கம் சொன்னார். ரசிகர்களே தொடர்ந்து செய்துகொள்ளட்டும் என்று நிரலையும் திறந்துவிட்டார்கள். அது நேர்மையான தோல்வி. 2023 டிசம்பர் 7 அன்று 39.99 டாலருக்கு வந்த 'த டே பிஃபோர்' வேறு வகை. அதை உருவாக்கிய ஃபன்டாஸ்டிக் நிறுவனம் நான்கே நாளில் கடையை மூடியது. எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும் பணம் திருப்பித் தரப்பட்டது என்பது ஒன்றே ஆறுதல்.

கட்டி முடிக்காத அடுக்குமாடிக் குடியிருப்பை வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அஸ்திவாரம் போடும்போது பதிவு செய்தால் சதுர அடிக்கு விலை குறைவு, சாவி கொடுக்கும் நாளில் அதிகம். அந்த வித்தியாசம் கட்டடக்காரரின் தாராளம் அல்ல, வாங்குபவர் சுமக்கும் அபாயத்தின் கூலி. அங்கேயும் பல்லாண்டு ஏமாற்றங்களுக்குப் பிறகு இந்தியாவில் 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அதே கட்டுமானத்துக்கே செலவழிக்க வேண்டும் என்றது. விளையாட்டு உலகில் அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. வந்த பணத்தை இதே விளையாட்டில்தான் போட வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் குறைந்த விலைக்கான நியாயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பணம் திருப்பிக் கிடைக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். 2015 ஜூன் முதல் ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்பும். அதற்கு முன் நிலைமை எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில் 2016-இல் வால்வுக்கு 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டதே சாட்சி. முடிந்த விளையாட்டுக்கு இந்த விதி பெரிதும் பொருந்துகிறது: கணினியில் ஓடுகிறதா, பிடிக்கிறதா என்று இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முடியாத விளையாட்டின் குறை இரண்டு மணி நேரத்தில் வெளிப்படுவதில்லை. அது எட்டு மாதம் கழித்து, அப்டேட் வராத ஒரு நாளில் வெளிப்படுகிறது. அப்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும். அபாயம் இருக்கும் காலமும் பாதுகாப்பு இருக்கும் காலமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இனி இடைத் தள்ளுபடிகளுக்கு வருவோம். இங்கே கடையின் இயந்திரம் உருவாக்குநரை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. 20 சதவீதமோ அதற்கு மேலோ தள்ளுபடி தந்தால், ஆவல் பட்டியலில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீம் மீண்டும் மின்னஞ்சல் அனுப்பும். ஒரு லட்சம் பேர் பட்டியலில் இருக்க, கையில் காசு தீர்ந்துவரும் சிறு குழுவுக்கு அந்த மின்னஞ்சல் எவ்வளவு பெரிய ஆசை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வருமானம் சரியும் ஒவ்வொரு முறையும் தள்ளுபடி. தள்ளுபடி முடிந்ததும் விற்பனை மீண்டும் சரிவு. அடுத்த முறை இன்னும் ஆழமான வெட்டு.

இதில் முதல் அடி வாங்குபவர் முதல் வாரத்தில் நம்பி வந்தவர்தான். அதிக விலை கொடுத்து, மோசமான பதிப்பை ஆடி, பிழை எழுதி அனுப்பியவர் அவர். ஆறு மாதம் கழித்து வந்தவர் பாதி விலையில் நல்ல பதிப்பை எடுத்துக்கொள்கிறார். உதவியவருக்குத் தண்டனை, காத்திருந்தவருக்குப் பரிசு. இரண்டாவது அடி விளையாட்டுக்கே விழுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, என்ன நிலையில் இருக்கிறது என்று படிக்காமல் வாங்குபவர்கள் திருவிழாக் காலத்தில் கூட்டமாக வருகிறார்கள். குறையைப் பார்த்ததும் எதிர்மறை மதிப்புரை எழுதிவிட்டுப் போகிறார்கள். விளையாட்டு பின்னால் திருந்தினாலும் அந்த மதிப்புரைகள் அங்கேயே இருக்கும். மூன்றாவது, விலையேற்றத்தை அறிவித்தவர் நடுவில் 75 சதவீதம் வெட்டினால் அந்தப் படிக்கட்டுக்கே பொருள் இல்லாமல் போகிறது. ஒவ்வொரு விளையாட்டின் பழைய குறைந்த விலையையும் பதிவுசெய்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. ஒருமுறை ஐந்து டாலருக்கு விற்றதை இருபத்தைந்து டாலருக்கு வாங்க யாருக்கும் மனம் வராது.

செக் குடியரசின் பிராக் நகரிலிருக்கும் வூப் சாஃப்ட்வேர் இந்தச் சுழலுக்குள் காலே வைக்கவில்லை. அவர்களுடைய 'ஃபேக்டோரியோ' 2016 பிப்ரவரியில் 20 டாலருக்கு ஸ்டீமுக்கு வந்தது. தள்ளுபடி தரும் எண்ணமே இல்லை என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள். 2018-இல், இன்னும் முடியாத நிலையிலேயே, விலையை 30 டாலராக உயர்த்தினார்கள். 2020 ஆகஸ்டில் முடித்தார்கள். 2023-இல் பணவீக்கத்தைக் காரணம் சொல்லி 35 டாலராக்கினார்கள். எந்தத் திருவிழாவிலும் வெட்டவில்லை. காத்திருந்து பயனில்லை என்று தெரிந்ததால் யாரும் காத்திருக்கவில்லை. இன்று வாங்கியவர் நாளை வருந்த வேண்டியதில்லை என்ற உறுதி, எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரிய சலுகை என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக் குரல் ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 2015 முதல் ஸ்டீம் இந்தியாவுக்கு ரூபாயில் விலை காட்டுகிறது. ஆனாலும் ஒரு கல்லூரி மாணவருக்கு ஒரு புது விளையாட்டின் விலை பெரிய தொகைதான். தள்ளுபடிக் காலம்தான் அவருக்கு வாங்கும் காலம். இடைத் தள்ளுபடியே கூடாது என்றால் அவரை வெளியே நிறுத்துவதாகாதா? ஆகாது என்பது என் கருத்து. அவருக்குத் தேவை அவருடைய நாட்டின் வருமானத்தைப் பார்த்து வைத்த நிலையான அடிப்படை விலை. அதை உருவாக்குநர் நாடுவாரியாகத் தானே குறிக்க முடியும். முடியாத விளையாட்டை அவசர மலிவில் அவர் தலையில் கட்டுவது அவருக்குச் செய்யும் உதவி அல்ல. சேமித்துவைத்த காசில் ஆண்டுக்கு இரண்டு விளையாட்டு வாங்குபவருக்கு ஒன்று பாதியில் நின்றால், அந்த இழப்பு மற்றவர்களைவிடப் பெரிது.

எல்லோருக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கவும் கூடாது. ஸ்வீடனில் ஐந்து பேர் செய்த 'வால்ஹைம்' 2021 பிப்ரவரியில் 19.99 டாலருக்கு வந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஐம்பது லட்சம் பிரதிகள் விற்றது. முதல் நாளிலேயே பல பத்து மணி நேரம் ஆடத் தேவையானது அதில் இருந்தது. இதற்கு மேல் மலிவு கேட்பது முறையல்ல. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஏர்லி ஆக்ஸஸ் உயிர்மூச்சு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, அடுத்த மூன்று ஆண்டுச் செலவைத் தானே தாங்கக்கூடிய ஒரு நிறுவனத்துக்கு அது ஒரு வசதி மட்டும். குறைந்த விற்பனையோடும் முடிக்க முடியாது என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று வால்வ் தன் வழிகாட்டுதலிலேயே உருவாக்குநர்களுக்குச் சொல்கிறது. அந்த அறிவுரையின்படி பார்த்தால் பெரிய நிறுவனங்கள் வாங்குபவரின் தலையில் அபாயத்தை ஏற்ற எந்த முகாந்தரமும் இல்லை. ஏற்றுவதென்றால் அதற்கான விலையை அவர்கள் கழித்தே ஆக வேண்டும்.

அதே வால்வ் வாங்குபவர்களிடம் சொல்வதும் இதே திசையில்தான் இருக்கிறது. இன்றிருக்கும் நிலையில் ஆட ஆசை இல்லையென்றால் பொறுத்திருந்து பாருங்கள் என்பது ஒவ்வொரு ஏர்லி ஆக்ஸஸ் பக்கத்திலும் இருக்கும் அறிவுரை. அதாவது, இன்றிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுங்கள் என்கிறது கடை. அப்படியானால் விலையும் இன்றிருப்பதை மட்டும் வைத்துத்தான் இருக்க வேண்டும். வாங்குபவரிடம் நாளையை நம்பாதே என்று சொல்லிவிட்டு நாளைக்கும் சேர்த்துக் காசு வாங்குவது பொருந்தாது. விலை பின்னால் மாறுமா என்ற கேள்வியை ஒவ்வொரு உருவாக்குநரிடமும் கேட்டு, பதிலைப் பக்கத்தில் போடுகிறார்கள். பெரும்பாலும் கிடைப்பது வழவழத்த பதில். எந்த வசதி சேர்ந்தால் எவ்வளவு ஏறும் என்று மைன்கிராஃப்ட் காலத்தைப் போல முன்கூட்டி எழுதச் சொல்வதில் யாருக்கும் கஷ்டமில்லை.

முழு விலைதான் வேண்டும் என்று லாரியன் போன்ற ஒரு நிறுவனம் உறுதியாக இருந்தால் அதையும் மறுக்க வேண்டாம். அபாயத்தை விலையில் கழிக்காதவர், அதை வேறு வழியில் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும். போலந்தின் வார்சாவில் இயங்கும் ஜிஓஜி கடை இதைச் செய்துகாட்டியிருக்கிறது. 2016 ஜனவரியில் அது முடியாத விளையாட்டுகளை விற்கத் தொடங்கியபோது, 14 நாளுக்குள் எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம் என்றது. 2020-இல் எல்லா விளையாட்டுகளுக்கும் அதை 30 நாளாக நீட்டியது. கடை திவாலாகவில்லை. ஸ்டீம் 2025 பிப்ரவரியில் ஒரு சிறு அடி எடுத்துவைத்தது: நீண்ட காலம் அப்டேட் வராத ஏர்லி ஆக்ஸஸ் விளையாட்டின் பக்கத்தில், கடைசியாக எத்தனை மாதம் முன்பு புதுப்பிக்கப்பட்டது என்ற எச்சரிக்கை இப்போது தானாகவே தோன்றுகிறது. கடையின் கணினிக்கு அந்தத் தேதி தெரிகிறது என்றால், அதே தேதியை வைத்து விற்பனையை நிறுத்தவும் முடியும். கடைசி சில மாதங்களில் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முடியும்.